எழுதிய ஃபீட் முழுதாகப் போவதில்லை: வென்டிலேட்டர் நோயாளிக்கு எப்படி ஈடுகட்டுவது?

ஐசியு செவிலியர்:
வணக்கம். நோயாளி 60 கிலோ, வென்டிலேட்டரில் 6ஆவது நாள். மூக்குக்குழாய் வழியே மணிக்கு 60 மி.லி. ஃபீட் (திரவ உணவு), மி.லி.க்கு ஒரு கலோரி. சார்ட்டில் நாளுக்கு 1440 மி.லி.; உண்மையில் போனதைக் கூட்டிப் பார்த்தால் 900ஐத் தாண்டுவதில்லை. எடை 3 கிலோ ஏறியிருக்கிறது, நெற்றிப்பொட்டோ குழி விழுந்துவிட்டது. ரத்தப் புரதமான ஆல்புமின் 2.4. எதை நம்புவது?

டயட்டீஷியன்:
நெற்றிப்பொட்டை நம்புங்கள். ஏறியது நீர்; கணுக்காலை அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நிற்கும். அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கிவிடும், அதை வைத்துச் சத்தை அளக்க முடியாது.

மணிக்கு இவ்வளவு என்று எழுதும் வரை இந்தக் குறை தீராது. நாளுக்கு இவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். காலை 6க்குத் தொடங்கி, 10க்கு ஸ்கேனுக்காக நிறுத்தி, மாலை 4க்கு மறுபடி போடுகிறீர்கள் என்று வையுங்கள். போனது 240, மீதி 1200, இருப்பது 14 மணி நேரம். இனி மணிக்கு 86. பழையபடி 60லேயே விட்டால் 360 மி.லி. அன்றோடு போச்சு. எவ்வளவு வேகம் வரை கூட்டலாம் என்பதை மருத்துவர் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

புரதம் தனிக்கணக்கு. கிலோவுக்கு 1.3 கிராம் என்றால் 78 கிராம். லிட்டருக்கு 40 கிராம் உள்ள ஃபீட் முழுதாகப் போனாலும் 58தான். மீதியைப் புரதப்பொடியாகக் கொடுங்கள். மயக்க மருந்தான புரோபோஃபால் மணிக்கு 10 மி.லி. ஓடினால் அதிலேயே 264 கலோரி, எல்லாம் கொழுப்பு. அதற்காக ஃபீடைக் குறைத்தால் புரதமும் கூடவே குறையும்.

ஐசியு செவிலியர்:
நன்றி மேடம். வயிற்றில் ஃபீட் இறங்காமல் 250 மி.லி. நின்றாலே நைட் ஷிஃப்டில் நிறுத்திவிடுகிறார்கள்.

தீவிர சிகிச்சை மருத்துவர்:
நிறுத்த வேண்டாம் சிஸ்டர். வாந்தியோ வயிறு உப்பலோ இல்லையென்றால், 6 மணி நேரத்தில் 500 தாண்டும் வரை ஓடட்டும். தலைமாடு 30 முதல் 45 டிகிரி. தாண்டினால் வயிற்றைக் காலியாக்க உதவும் மெட்டோகுளோபிரமைடு அல்லது எரித்ரோமைசின், இதயத் துடிப்பு தடம் மாறாதிருக்க ஈசிஜியில் க்யூடி இடைவெளியைப் பார்த்துவிட்டு. ஷாக் கட்டுக்குள் வராமல், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் நோரட்ரினலின் அளவு ஏறிக்கொண்டே போனால் மட்டும் கதை வேறு, அப்போது ஃபீட் கூடாது.

மேலே சொன்ன ஈடுகட்டும் கணக்கை எல்லோருக்கும் போட்டுவிடாதீர்கள். பல நாள் சாப்பிடாமல், உடல் மெலிந்து வந்தவருக்கு அது ஆபத்து. அவருக்குக் கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்க வேண்டும்; 60 கிலோவுக்கு மணிக்கு 25 மி.லி. அதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. ஃபீட் உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும். பாஸ்பேட் டெசிலிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே இறங்கினால் உதரவிதானம் சோர்ந்து, வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் போகலாம். அப்படி இறங்கினால் பாஸ்பேட்டை ஏற்றுங்கள், 48 மணி நேரம் கலோரியைக் கூட்டாதீர்கள், ரத்தத்தை நாளுக்கு இரண்டு மூன்று முறை பாருங்கள்.