நைட் ஷிஃப்டும் ஞாயிறு மேட்ச்சும்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வயது 27. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டர். சென்னை கிரிக்கெட் லீக்கில் கீழ் டிவிஷன் டீம் ஒன்றுக்கு லெக் ஸ்பின் போடுகிறேன்.

சனி இரவு ஷிஃப்ட் முடிய காலை ஆறாகிவிடும். கிட் பேகோடு நேராக கிரவுண்டுக்குப் பஸ் ஏறுவேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. முதல் ஓவரில் பந்து வழுக்கிக்கொண்டு ஃபுல் டாஸாகப் போகும். மோதிர விரலில் தோல் வெடித்தது இன்னும் ஆறவில்லை. போன மாதம் லீவு கேட்டதற்கு ஒருநாள் சம்பளம் போனது.

ஸ்பின்னர் வருண் சக்கரவர்த்தி ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுத்தான் மறுபடி கிரிக்கெட்டுக்கு வந்தார், 2019 ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். எனக்கு வேலையை விட முடியாது, அப்பாவின் மருந்துச் செலவு என் சம்பளத்தில்தான். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 25, அதைத் தாண்டிவிட்டேன்.

வீரர்களுக்கு வேலையும் தரும் கம்பெனி டீம்கள் இப்போது ஆள் எடுக்கின்றனவா? பகல் ஷிஃப்ட் மட்டும் கிடைத்தாலே போதும். அப்புறம், அம்பத்தூர், ஆவடி பக்கம் இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் நெட்ஸ் பயிற்சி எங்காவது நடக்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த சீசனுக்குள் ஏதாவது ஒரு வழி பிடித்தாக வேண்டும்.