உதவி: காமா கதிர் வெடிப்பின் பின்னொளிர்வு படத்தில் வரவே இல்லை

மாடி_பூதப்பாண்டி
10 அக்டோபர் 2022, காலை 6:52
அவசரம். நேத்து ராத்திரி சுவிஃப்ட் செயற்கைக்கோளோட அலர்ட் வந்ததும் மாடிக்கு ஓடி எடுத்தேன். அவங்க குடுத்த இடத்துக்குத்தான் தொலைநோக்கியத் திருப்பினேன். எல்லாப் படத்தையும் அடுக்கிப் பாத்தாச்சு, பின்னொளிர்வு (வெடிப்புக்குப் பிறகு மெல்ல மங்குற ஒளி) தெரியணும், அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி நீண்டு கெடக்கு, அது வேற. இன்னைக்கு ராத்திரியும் எடுக்கணும். எங்க தப்புன்னு சட்டுனு சொல்லுங்க.

தக்கலை_லென்ஸ்
காலை 7:10
எந்த அலர்ட்? என்ன தொலைநோக்கி, என்ன கேமரா? எத்தனை வினாடி? எத்தனை மணிக்கு? இதுல ஒண்ணுகூட சொல்லாம எப்படி மக்கா சொல்ல?

குளச்சல்காரன்
காலை 7:24
அரிசி மாதிரின்னா போலார் அலைன்மென்ட் (தொலைநோக்கியோட அச்ச வான துருவத்தப் பாத்து வைக்கிறது) தப்பினதுதான். வேற யோசிக்கவே வேண்டாம். நம்ம ஊர்ல எல்லாருக்கும் இதே பாடுதான்.

வான்நோக்கி_1986
காலை 7:41
தம்பி, இந்தக் குழுவில் எத்தனை முறைதான் சொல்வது? அலர்ட்டை முழுதாகப் படித்துவிட்டு மாடிக்கு ஏறுங்கள். நேற்று சுவிஃப்ட் அறிவித்தது காமா கதிர் வெடிப்பே அல்ல. 'சுவிஃப்ட் ஜே1913.1+1946' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பால்வீதித் தளத்துக்கு மிக அருகில் இருக்கிறது. நம் பால்வீதியிலேயே உள்ள ஏதோ எக்ஸ்கதிர் மூலம். பின்னொளிர்வு இல்லாததில் பின்னொளிர்வைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது நாங்கள் கையில் வரைபடம் வைத்துத் தேடினோம்.

மாடி_பூதப்பாண்டி
காலை 8:05
8 இஞ்ச் நியூட்டோனியன். கேமரா சின்னது, கோள் எடுக்கிற கறுப்பு வெள்ளை. 10 வினாடிப் படம், மொத்தம் 220. ஃபில்டர் போடல. வேலைக்குப் போறேன், சாயங்காலம் பாக்கேன்.

தக்கலை_லென்ஸ்
காலை 8:12
நேரம் சொல்லலியே?

நாகர்கோவில்_கணக்கு
காலை 9:30
1986 ஐயாவுக்கு: நீங்க படிச்சது முதல் அறிக்கை. அதுக்குப் பிறகு வந்ததையும் பாருங்க. நேத்து நம்ம நேரம் மாலை 6:47க்கே ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு பெரிய வெடிப்பப் பாத்திருக்கு. அப்போ அந்த இடம் சுவிஃப்டோட பார்வையில இல்ல. 7:40க்கு சுவிஃப்ட் கண்டது அதே வெடிப்போட மிச்சம். முக்கா மணி நேரம் கழிஞ்சும் அவ்வளவு பிரகாசமா இருந்ததாலதான் 'இது வேற ஏதோ'ன்னு முதல்ல நெனச்சாங்க. இப்போ பேரு 221009ஏ. சிலியில உள்ள பெரிய தொலைநோக்கியில செம்பெயர்ச்சியும் (தூரம் கணிக்க உதவுற அளவு) எடுத்தாச்சு: 0.151. ஒளி புறப்பட்டுச் சுமார் 190 கோடி வருஷம். பால்வீதியில உள்ளது இல்ல, பால்வீதிக்கு ஊடால தெரியுது, அவ்வளவுதான்.

வான்நோக்கி_1986
காலை 10:02
நான் எழுதியபோது கையில் இருந்த அறிக்கைப்படி நான் சொன்னது சரி. அறிக்கை மாறினால் அதற்கு நான் பொறுப்பல்ல. இருந்தாலும் 8 இஞ்சுக்கு அது எட்டாது.

மார்த்தாண்டம்_மணி
காலை 10:20
ஏன் எட்டாது? சுவிஃப்டோட ஒளியியல் தொலைநோக்கி பாத்தப்போ மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) 16க்கும் 17க்கும் நடுவுல இருந்திருக்கு. எனக்க கணக்கு வேற: பால்வீதித் தூசி. அந்தத் திசையில கண்ணுக்குத் தெரியிற ஒளியில மட்டும் 4 மேக்னிட்யூட் தூசி தின்னுடும். நீலம் இன்னும் மோசம், சிவப்பு பரவாயில்ல. ஃபில்டர் இல்லாம எடுத்தா நிலா வெளிச்சம் முழுசும் உள்ள வரும். நேத்து பௌர்ணமி வேற. சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்திருக்கணும்.

குளச்சல்காரன்
காலை 10:48
தூசி, நிலா எல்லாம் சரி. நட்சத்திரம் நீளுறதுக்குத் தூசியா காரணம்? பூதப்பாண்டியில வடக்குப் பூரா மலை. துருவ நட்சத்திரம் நமக்கு 8 டிகிரி உயரத்துலதான் நிக்கும். மலைக்குப் பின்னால போயிடும். அவரு குத்துமதிப்பா வடக்க வச்சிருப்பாரு.

முட்டம்_பாறை
காலை 11:15
முட்டத்துல இருந்து நான் துருவ நட்சத்திரம் பாத்திருக்கேன். தெரியாதுன்னு சொல்லாதீங்க.

குளச்சல்காரன்
காலை 11:21
தெரியாதுன்னு சொன்னேனா? பூதப்பாண்டியில மலை மறைக்கும்னு சொன்னேன். எங்கப்பா கடல்ல இருந்து பாத்துத்தான் கரை சேருவாரு. ஆனா 8 டிகிரின்னா ஈரக்காத்து, மங்கல், மீன்பிடித் துறைமுக லைட்டு. பத்து நாள்ல ஒரு நாள் கண்டா பாக்கியம்.

முட்டம்_பாறை
காலை 11:30
பத்துல நாலு நாள் தெரியும். எங்க பாறையில வந்து நின்னு பாருங்க வோய்.

தக்கலை_லென்ஸ்
காலை 11:34
துருவ நட்சத்திரத்துக்குத் தனி இழை தொடங்குங்க ரெண்டு பேரும். புண்ணியமாப் போகும்.

நாகர்கோவில்_கணக்கு
மதியம் 1:05
மாடி_பூதப்பாண்டி, மூணு கேள்வி. 1) கைக் கன்ட்ரோலர்ல, அலர்ட்ல வந்த இடத்தோட எண்ணை அப்படியே அடிச்சீங்களா? 2) முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பிளேட் சால்வ் பண்ணி (படத்துல உள்ள நட்சத்திரங்கள வச்சு இடத்தக் கண்டுபிடிச்சு) மையம் என்னன்னு சொல்ல முடியுமா? 3) இதுக்கு முன்னால தொலைநோக்கியில என்ன பாத்தீங்க?

மாடி_பூதப்பாண்டி
இரவு 7:18
1) ஆமா, 19ம 13நி 03வி (கிழக்கு-மேற்கு எண், மணி நிமிஷம் வினாடியில), +19° 46' (வடக்கு-தெற்கு எண்). திருவோணம் (ஆல்டேர்) வச்சு அலைன் பண்ணினேன், நடு மையத்துல வந்துது.
2) முதல் படம் 19ம 12நி 03வி, +19° 44'. கடைசிப் படம் 19ம 13நி 31வி. ஏன் மாறுதுன்னு தெரியல.
3) பௌர்ணமில்லா, அக்கா பிள்ளைங்களுக்கு நிலா காட்டினேன். 8:35ல இருந்து 9:15 வரை எடுத்தேன். இன்னைக்கு மேகம்.

நாகர்கோவில்_கணக்கு
இரவு 8:40
கிடைச்சாச்சு. ஒரு தப்பு இல்ல, ரெண்டு.

முதல் தப்பு: அறிக்கையில வர்ற எண் 2000ஆம் ஆண்டுக் கணக்கு. உங்க கன்ட்ரோலர் கேக்கிறது இன்னைய தேதிக் கணக்கு. பூமியோட அச்சு மெல்லச் சுத்துறதால 22 வருஷத்துல அந்த இடத்தோட எண் மாறிப்போச்சு. நீங்க அடிச்சிருக்க வேண்டியது கிட்டத்தட்ட 19ம 14நி 03வி, +19° 49'. அதான் முதல் படத்துல சரியா ஒரு நிமிஷம் குறையுது. ஒரு நிமிஷம்னா கேக்க ஒண்ணுமில்ல, வானத்துல அது 14 பாகைத்துளி (60 துளி ஒரு டிகிரி). உங்க கேமரா சில்லு 4.8க்கு 3.6 மிமீ தானே? குவியத்தூரம் 1000 மிமீ. அகலம் பதினாறரைத் துளி, மையத்துல இருந்து ஓரத்துக்கு எட்டுச் சொச்சம். வெடிப்பு படத்துக்கு வெளிய, கிழக்க நின்னுருக்கு. திருவோணத்த கன்ட்ரோலரே தன் பட்டியல்ல இருந்து மாத்திக்கிடும், அதனால அங்க சரியாத்தான் காட்டும்.

ரெண்டாவது தப்பு: நிலா பாத்துட்டு டிராக்கிங்க (வானம் சுத்துறதுக்கு ஏத்தபடி தொலைநோக்கி நகர்றது) நிலா வேகத்துலயே விட்டுட்டீங்க. நிலா நட்சத்திரங்கள விட மணிக்குத் தன் அகலம் அளவு பின்தங்கும். அதான் அரிசி. பத்து வினாடிக்கு 5 விகலை (60 விகலை ஒரு துளி), உங்க கேமராவுக்கு ஆறேழு பிக்சல்.

ரெண்டாவது தப்பு முதல் தப்பத் திருத்திடுச்சு பாருங்க. தொலைநோக்கி நகர்ந்தது கிழக்க. ஏறக்குறைய பதினோராவது நிமிஷத்துல வெடிப்பு கிழக்கு ஓரமா உள்ள வந்திருக்கணும். கடைசிப் படம் வரைக்கும் உள்ளதான் இருக்கு.

மார்த்தாண்டம்_மணி
இரவு 8:52
அப்போ அடுக்கின படத்துல ஏன் வரல?

நாகர்கோவில்_கணக்கு
இரவு 8:58
அடுக்குற மென்பொருள் முதல் படத்த ஆதாரமா வச்சு, எல்லாத்துக்கும் பொதுவான பகுதிய மட்டும் வெட்டி வச்சிருக்கும். வெடிப்பு இருந்த பகுதிய வெட்டி எறிஞ்சிருச்சு. முதல் 70 படத்த விட்டுட்டு, 150ஆவது படத்த ஆதாரமா வச்சு மறுபடி அடுக்குங்க. இன்னைக்கு மேகம்னு கவலப்படாதீங்க. பின்னொளிர்வு ஏறக்குறைய நேரத்துக்குத் தலைகீழா மங்கும். வெடிச்சதுல இருந்து நேரம் பத்து மடங்கு ஆனா ரெண்டரை மேக்னிட்யூட் போயிடும். நேத்து ராத்திரி உங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆயிருந்துது, இன்னைக்கு 26. 8 இஞ்சுக்கு நேத்தே பொன்னு, இன்னைக்குத் தூசு.

குளச்சல்காரன்
இரவு 9:20
போலார் அலைன்மென்டும் கொஞ்சம் இருக்கும்னுதான் எனக்கு இன்னும் தோணுது.

வான்நோக்கி_1986
இரவு 9:45
2000ஆம் ஆண்டுக் கணக்கை நான் சொல்லவே நினைத்திருந்தேன். அடிப்படை விஷயம் என்பதால் விட்டுவிட்டேன்.

தக்கலை_லென்ஸ்
இரவு 9:47
சரிங்க ஐயா.

மாடி_பூதப்பாண்டி
11 அக்டோபர் 2022, இரவு 11:36
ஒரு பொட்டு இருக்கு. சொன்ன இடத்துலயே. பழைய வான்பட அட்லஸ்ல அங்க ஒண்ணும் இல்ல. ரொம்ப மங்கல், நீண்டு கெடக்கு. நன்றி கணக்கு அண்ணே.

மார்த்தாண்டம்_மணி
11 அக்டோபர் 2022, இரவு 11:50
படத்தப் போடும் வோய்! பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டு மேக்னிட்யூட் எடுத்தீரா?

தக்கலை_லென்ஸ்
14 அக்டோபர் 2022, காலை 6:30
படம்?

முட்டம்_பாறை
2 ஏப்ரல் 2023, மாலை 5:14
பழைய இழை, மன்னிக்கவும். போன வாரம் இந்த வெடிப்பு பத்தி ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கு. இத்தனை பிரகாசம் பூமிக்கு வர்றது 10,000 வருஷத்துக்கு ஒரு தடவையாம். மாடி_பூதப்பாண்டி இன்னும் படத்தப் போடல. யாருக்காவது ஆளத் தெரிஞ்சா வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வாங்க. அப்புறம் குளச்சல்காரனுக்கு: நேத்தும் துருவ நட்சத்திரம் தெரிஞ்சுது.