பை தினம்: மார்ச் 14-ஆ, ஜூலை 22-ஆ?

சாக்பீஸ்:
வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π, சுமார் 3.14) என்ற எண்ணைக் கொண்டாடும் பை தினத்தை நம் பள்ளிகள் மார்ச் 14-இலிருந்து ஜூலை 22-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர்களுக்குத்தான் மார்ச் 14 என்பது 3.14. நமக்கு அது 14-3. ஜூலை 22-தான் நமக்கு 22/7, பைக்கு நம் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பின்னம். துல்லியத்திலும் அதுவே மேல்: 3.14-இல் பிழை சுமார் 0.0016, 22/7-இல் 0.0013. போதாக்குறைக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு வேறு.

கோணமானி:
துல்லியம்தான் அளவுகோல் என்றால் 355/113-ஐ எடுங்கள் சார், ஆறு தசம இடம் வரை சரி. ஆண்டின் 355-ஆம் நாளான டிசம்பர் 21-இல் கொண்டாடுவோமா? 1988-இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் இயற்பியலாளர் லாரி ஷா தொடங்கிவைத்தது மார்ச் 14. யுனெஸ்கோ 2019-இல் பன்னாட்டுக் கணித தினமாக அறிவித்ததும் அதே நாளைத்தான். உலகமே செய்யும் நாளில் நம் பிள்ளைகள் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? தேர்வு இல்லாத வகுப்புகளுக்கு ஒரு பீரியட் போதும்.

சாக்பீஸ்:
ஒரு பீரியடில் கேக் வெட்டலாம், கணக்கு செய்ய முடியாது. இணைகோடுகள் போட்ட சார்ட்டில் பல்குச்சிகளை எறிந்து பை கண்டுபிடிக்கும் சோதனையைப் பாருங்கள். 6.5 செ.மீ. பல்குச்சி என்றால் சார்ட்டில் கோடுகளும் சரியாக 6.5 செ.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். எறிந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, கோட்டைத் தொட்டவற்றால் வகுத்தால் பை. கோட்டை 7 செ.மீ.க்குப் போட்டுவிட்டால் விடை 3.38 பக்கம் ஓடிவிடும். தாளுக்கு வெளியே உருண்டதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கோணமானி:
அந்தச் சோதனையே பலவீனமானது. நூறு எறிதலில் 60 தொட்டால் 3.33, 68 தொட்டால் 2.94, இரண்டுமே சாதாரணமாக நடக்கக்கூடியவை. சைக்கிள் சக்கரம் கால் மணி நேரத்தில் இதைவிட நன்றாகத் தரும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, பத்துச் சுற்று நேராக உருட்டி, தூரத்தைப் பத்தால் வகுத்து, அதை விட்டத்தால் வகுக்க வேண்டும். 66 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் பத்துச் சுற்றில் சுமார் 20.73 மீட்டர் போகும். யாரையும் ஏற்றி ஓட்டக் கூடாது, டயர் அமுங்கி தூரம் குறையும். தட்டைச் சுற்றி நூல் கட்டி அளப்பதையும் விட்டுவிடுங்கள். நூல் இழுபடும். 20 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 5 மி.மீ. பிசகினால் 3.14 என்பது 3.165 ஆகிவிடும்.

சாக்பீஸ்:
சக்கரம் சரி, ஒப்புக்கொள்கிறேன். விட்டத்தை அளக்கும்போது அளவுநாடா அச்சு மையத்தின் மேலேயே போக வேண்டும் என்பதையும் சேருங்கள். விலகினால் விட்டம் குறைந்து பை கூடிவிடும். ஆனால் தேதி விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கூட்டிவர ஜூலையில்தான் முடியும்.