பத்தாவது வரை மட்டும் உள்ள ஊர்ப் பள்ளி: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தொடங்கியவர், கமுதி பக்கம்

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியை மேல்நிலையாகத் தரம் உயர்த்தக் கேட்கலாமா என்று ஊருக்குள் பேச்சு ஓடுகிறது. ஆறாவது முதல் பத்தாவது வரை சேர்த்தே நூற்றுச் சொச்சம் பிள்ளைகள்தான். இப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் நடந்ததை நடந்தபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

நானும் அங்கே படித்தவன்தான். எங்கள் செட்டில் பத்தாவது பாஸான பெண்களில் பாதிப் பேர் அதோடு நின்றார்கள். மார்க் இல்லாமல் அல்ல. பதினொன்றாவதுக்குக் கமுதி போகவேண்டும், காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அரசு தரும் இலவச சைக்கிளும் பதினொன்றாவதில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். கிடைத்தாலும், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்த ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளையைத் தனியாக விட யாருக்கு மனசு வரும்? கரிமூட்டத்துக்கு, அதாவது விறகைச் சுட்டுக் கரியாக்கும் வேலைக்கு, கூலிக்குப் போகிற வீட்டில் தினமும் போய் அழைத்துவரவும் ஆள் கிடையாது. அப்போது நின்றவர்களின் பிள்ளைகள்தான் இப்போது அதே பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறார்கள். கூட்டத்தில் சத்தமாகக் கேட்பதும் அந்த அம்மாக்கள்தான்.

பட்டதாரி ஆசிரியர், தர்மபுரி மாவட்டம்

ஆசிரியர் தரப்பையும் சொல்கிறேன் தம்பி. சின்ன உயர்நிலைப் பள்ளி என்றால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், பாடத்துக்கு ஒருவர். அவ்வளவுதான். எங்கள் கணக்கு டீச்சர் மகப்பேறு விடுப்பில் போனபோது கணக்குக்கு ஆளே இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் திரட்டி, ஊரிலேயே பி.எட். முடித்திருந்த ஒரு பெண்ணை வரவைத்தோம். அவர் வாங்கிய சம்பளத்தைச் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த வருஷம் கணக்கில் ஒருவரும் தவறவில்லை.

இன்னொன்று, ஆகஸ்ட் 1. அன்றைய தேதியில் பதிவேட்டில் எத்தனை மாணவர் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்கிடுவார்கள். அதனால் ஜூன், ஜூலையில் நாங்கள் வீடு வீடாகப் போவோம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதா, பாட்டியிடம் விட்டிருக்கிறதா என்று விசாரிப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சேவை மாதிரித் தெரியும். எங்கள் பணியிடத்தைக் காப்பாற்றும் வேலையும் அதில் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது.

நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில் பத்தாவதில் 14 பேர். ஒருவன் தவறினால் தேர்ச்சி 93 சதவீதத்துக்கு இறங்கிவிடும், மீட்டிங்கில் எழுந்து நிற்கவேண்டும். அந்தப் பயத்தில் ஒன்பதாவதிலேயே ஒரு பையனை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான். நூறு சதவீதம் என்று பேனர் வைத்த பள்ளியைப் பார்த்தால், போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒரு அம்மா, பெரம்பலூர் பக்கம்

சார் சொன்னது அப்படியே உண்மை. என் கவலை வேறு. என் மகள் பத்தாவதில் நல்ல மார்க். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் கேட்ட உயிரியல் குரூப் இல்லை. தனியார் பள்ளிக்காரர்கள் ஃபீஸில் பாதி தள்ளுபடி என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே சேர்க்க ஆசைதான்.

அவளுடைய அறிவியல் டீச்சர்தான் வந்து உட்கார்ந்து விளக்கினார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமாம். இரண்டு வருஷம் தனியாரில் போட்டால் முந்தைய ஐந்து வருஷமும் கணக்கில் வராது. புதுமைப்பெண் திட்டத்தில் காலேஜ் போகும்போது கிடைக்கிற மாதம் ஆயிரம் ரூபாயும் போய்விடும். இது தெரியாமலே எத்தனை வீட்டில் முடிவு எடுத்திருப்பார்களோ! இன்னும் தள்ளியிருக்கிற அரசுப் பள்ளியில் சேர்த்தோம். ரெண்டு பஸ் மாறிப் போகிறாள். பாஸ் இருப்பதால் காசு இல்லை, அலைச்சல்தான்.

2020 பேட்ச், வேதாரண்யம் பக்கம்

எங்கள் செட்டுக்கு எல்லாமே கோணல். ஒன்பதாவதில் இருந்தபோது 2018 நவம்பரில் கஜா புயல். பள்ளிக் கூரை ஷீட் பறந்துவிட்டது, தென்னை எல்லாம் சாய்ந்து வீட்டில் வருமானமும் போனது. அப்புறம் பத்தாவதில் கொரோனா. பொதுத்தேர்வே ரத்து. காலாண்டு, அரையாண்டு மார்க்கில் 80, வருகைக்கு 20 என்று போட்டார்கள். அரையாண்டுக்கு அப்புறம்தான் படிக்கவே ஆரம்பிப்பேன் என்று இருந்தவர்கள் நொந்துபோனார்கள், நான் உட்பட.

ஆனால் லீவு போடாமல் வந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். எங்கள் பள்ளியில் வருகைக்கு முக்கியக் காரணம் மதிய முட்டை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே.

அதற்கு முந்தைய செட் அக்காக்கள் தேர்வு எழுத வேறு ஊர் போனார்கள். எங்கள் பள்ளி தேர்வு மையம் கிடையாது. எச்.எம். ஷேர் ஆட்டோ பிடித்து, தானே முன்சீட்டில் உட்கார்ந்து கூட்டிப்போவார். எங்களுக்கு அந்தச் சவாரி கிடைக்கவில்லை.

ஊர்ப் பெரியவர், விழுப்புரம் மாவட்டம்

தம்பி, தரம் உயர்த்தும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இரண்டு முறையும் நான் அலைந்தவன். நடுநிலையிலிருந்து உயர்நிலையாக்க ஊர்ப் பங்குத்தொகை ஒரு லட்சம், மேல்நிலைக்கு இரண்டு லட்சம் கட்டினோம். பணம் பெரிய விஷயமில்லை, கோயில் வரி மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டால் சேர்ந்துவிடும். இடம்தான் சிக்கல். விளையாட்டு மைதானத்தோடு சேர்த்து ஏக்கர் கணக்கில் காட்டவேண்டும். பள்ளி நிற்கிற இடமே யாரோ ஒரு தாத்தா வாய்வார்த்தையாகக் கொடுத்தது என்றால் அங்கேயே நின்றுபோகும்.

ஆணை வந்ததும் பட்டாசு வெடித்தோம். இயற்பியலுக்கு ஆசிரியர் வர ஒரு வருஷம் ஆனது, அதுவரை ஆய்வகமும் பூட்டியே கிடந்தது. அதனால் மனு எழுதும்போதே எந்தெந்த குரூப் வேண்டும், அதற்கு எந்தெந்த முதுகலை ஆசிரியர் வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். ‘மேல்நிலை ஆக்கித் தரவும்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் கிடைக்கும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்காரர்களையும் கலந்துகொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே வருஷம் கேட்டால் இரண்டுமே கிடப்பில் போகும்.

தொடங்கியவர்

ஐயா, நீங்கள் சொன்ன தாத்தா கதை எங்கள் ஊரிலும் உண்டு. முன் கட்டடம் புறம்போக்கு, பின்பக்க மைதானம் ஒரு குடும்பத்தின் பெயரில் இருப்பதாகப் பேச்சு. அந்தக் குடும்பம் இப்போது மதுரையில். முதலில் வி.ஏ.ஓ.விடம் போய், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, அ-பதிவேடு பார்க்கிறேன். தானப்பத்திரம் எழுதி வாங்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால், பத்திரச் செலவு யார் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.