அம்பாசடருக்கு 1800 இன்ஜின் மாற்றும்போது கியர்பாக்ஸ் ஹவுசிங் விரிசல், வெல்டிங் தாங்குமா?

கானாடுகாத்தான் (கேள்வி):
வணக்கம். எங்கள் ஐயா காலத்து அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடும் துளை) இனிமேல் தாங்காது என்று சொல்லிவிட்டதால் பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, 1817 சிசி ஐசூசு இன்ஜினையும் அதன் 5 கியர் பாக்ஸையும் பழசாக வாங்கி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும்போது கடைசி அரை அங்குலம் உட்காரவே இல்லை. பட்டறையில் போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்திருக்கிறார்கள், டக்கென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் பெல் ஹவுசிங்கின் (பாக்ஸின் முன்னால் கிளட்ச்சை மூடி இன்ஜினோடு சேரும் கூடு) கீழ் இடப்பக்கப் போல்ட் காதிலிருந்து உள்பக்கமாக நாலு விரல் நீளத்துக்கு முடி போல ஒரு கோடு. ஒருவர் எம்-சீல் பசை வைத்தால் போதும் என்கிறார், இன்னொருவர் கேஸ் வெல்டிங் என்கிறார், அந்த ஒரு போல்ட்டை விட்டுவிட்டு மற்றதை இறுக்கினால் ஓடும் என்றும் சொல்கிறார்கள். 2014-லேயே வண்டி உற்பத்தி நின்றுவிட்டது, நல்ல பாக்ஸ் கிடைப்பது லேசில்லை. தை மாதம் வீட்டில் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வர வேண்டும் என்று அப்பத்தா ஒரே பிடியாக நிற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை மெக்கானிக்:
தம்பி, வெல்டிங் அப்புறம். பாக்ஸ் ஏன் உட்காரவில்லை என்று முதலில் பாருங்கள். சரியாக நேர் வைத்தால் அது கையால் தள்ளினாலே போய் இரண்டு முகமும் ஒட்டி நிற்க வேண்டும், போல்ட் பிடித்து வைக்க மட்டும்தான், இழுக்க இல்லை. கிளட்ச் பிளேட் சென்டரில் இருக்கிறதா, பிளேட்டின் ஸ்ப்லைனும் (உள்பல் வரிகள்) பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைனும் ஒன்றுதானா, கிராங்க் முனையில் அந்த ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் சரியான அளவா, இன்ஜினையும் பாக்ஸையும் நேர் வைக்கும் டவல் பின் இரண்டும் நேராக இருக்கின்றனவா? இதில் ஏதோ ஒன்று கோளாறு. அதைச் சரி செய்யாமல் வெல்டு வைத்தால் அடுத்த தடவை பக்கத்துக் காது போகும்.

போல்ட்டை விட்டுவிட்டு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். அந்தப் பளுவை மற்ற போல்ட்டுகள் வாங்கும், அதிர்வில் கோடு நீண்டு பேரிங் உட்காரும் இடம்வரை போய்விட்டால் பாக்ஸ் குப்பைக்குத்தான்.

துவாக்குடி வெல்டர்:
அண்ணன் சொன்னது சரி. வெல்டிங் பற்றி நான் சொல்கிறேன், இங்கே திருச்சியில் இதுதான் என் வேலை. எம்-சீல் எண்ணெய்க் கசிவை அடைக்கலாம், இழுவை தாங்கும் காதுக்கு ஆகாது. இது அலுமினிய வார்ப்பு, ஆர்கான் வெல்டிங்தான், அதுவும் ஏசி கரண்டில். அலுமினியம் ஏறக்குறைய 660 டிகிரியில் உருகும், ஆனால் அதன் மேல் படியும் ஆக்சைடு தோல் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏசி கரண்ட் அந்தத் தோலை உடைத்துக் கொடுக்கும். கேஸ் வெல்டிங்கில் ஃபிளக்ஸ் போட்டுச் செய்யலாம்தான், எண்ணெய் குடித்த வார்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூடானாலும் அலுமினியம் நிறம் மாறாது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது காது ஒழுகி விழுந்துவிடும்.

முதலில் டிபி டெஸ்ட் (சாயம் ஊற வைத்து விரிசல் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக ஊறி வரும். கண்ணுக்குத் தெரிவதைவிட அது நீளமாகத்தான் இருக்கும். அந்த உண்மையான முனையில் 3 மி.மீ. துளை போட்டால் கோடு அதற்கு மேல் ஓடாது. பிறகு கார்பைடு பர் (சுழலும் வெட்டு முனை) வைத்து வி வடிவில் பள்ளம் எடுக்க வேண்டும், கிரைண்டிங் கல் வேண்டாம், கல் துகள் உள்ளே புதைந்துவிடும். பள்ளம் எடுத்த பிறகு லேசாகச் சூடு காட்டினால் வார்ப்புக்குள் இருக்கிற எண்ணெய் கறுப்பாகப் பொங்கி வெளியே வரும், துடைத்துத் துடைத்து அது நிற்கும்வரை செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு வெல்டு வைக்காதீர்கள், ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் விஷவாயு வரும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகுதான் நெருப்புப் பக்கம் போக வேண்டும். 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, 4043 ராடில் (சிலிக்கான் கலந்த அலுமினிய வெல்டிங் கம்பி) சின்னச் சின்னதாக வைத்து, கடைசியில் துணி போர்த்தி மெல்ல ஆறவிட வேண்டும். பேரிங், சீல் எல்லாம் முன்கூட்டியே கழற்றியிருக்க வேண்டும்.

காரைக்குடி லேத்:
வெல்டு வைத்தால் முகம் வளையும், அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். இன்ஜின் பின்தகட்டை வைத்து அச்சு எடுத்து, கனமான இரும்புத் தகட்டில் அதே ஓட்டைகளைப் போட்டு, ஹவுசிங்கை அதில் இறுக்கிய பிறகுதான் வெல்டு. ஆறிய பிறகு நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் என்னைக் கேட்டால் முகம் சீவ வேண்டும்.

இன்னொன்று, இன்ஜின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓவிடம் சொல்லி ஆர்சியில் ஏற்றிவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதுதான். கல்யாண நேரத்தில் வழியில் நிறுத்தினால் பேச்சு நீளும்.

கானாடுகாத்தான்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேவகோட்டை அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தோம். ஒரு டவல் பின்னின் தலை அடி வாங்கிக் காளான் மாதிரி விரிந்திருக்கிறது, ஹவுசிங் ஓட்டைக்குள் அது போகவே வழியில்லை. இன்ஜினை முன்பு கழற்றியவர்கள் சுத்தியலால் அடித்திருப்பார்கள் போல. கிளட்ச் பிளேட், புஷ் இரண்டும் சரி. டிபி டெஸ்டில் கோடு ஐந்து விரல் வந்தது, ஆனால் பேரிங் இருக்கைக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

துவாக்குடி வெல்டர்:
அப்படியானால் தைரியமாகச் செய்யலாம். பேரிங் இருக்கையைத் தொட்டிருந்தால் வேறு பாக்ஸ் தேடச் சொல்லியிருப்பேன். லேத் அண்ணனிடம் தகடு போட்டு, ஹவுசிங்கை இறுக்கியே கொண்டு வாருங்கள், புது டவல் பின் இரண்டையும் கையோடு எடுத்து வாருங்கள். வெல்டு முடிந்ததும் இங்கேயே பின்னை நுழைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு டிபி டெஸ்டும் எடுத்து அனுப்புகிறேன்.