"சேர்ந்து முயன்றால் வெல்வோம்": கிழக்கு ஆப்பிரிக்க மொழிகளில் எப்படிச் சொல்வது?

கேள்வி
நைரோபியில் நாங்கள் நடத்தும் மாணவர் தொடர் ஓட்டத்திற்கான பதாகையில் இம்முழக்கத்தைச் சுவாகிலியிலும், ஓடும் மாணவர்களின் தாய்மொழிகளான கிகுயு, லுகாண்டா, சோமாலி, அம்ஹாரிக் ஆகியவற்றிலும் பொறிக்க விரும்புகிறோம். மொழிபெயர்ப்புச் செயலி தந்த வரிகளைக் காட்டியபோது பொருள் விளங்குகிறது என்றார்களே தவிர, எவரும் அவற்றை உரக்கச் சொல்ல முன்வரவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
வணக்கம். சுவாகிலியில் "துகியுங்கானா துதாஷிண்டா" என்று எழுதலாம். 'து' என்பது நாம், 'கி' என்பது தமிழின் '-ஆல்' போன்ற நிபந்தனை, 'தா' எதிர்காலம், 'ஷிண்டா' வெல்லுதல். நாம் 'வெல்வோம்' என்பதன் இறுதியில் வைக்கும் 'ஓம்' அங்கே சொல்லின் தலையில் நிற்கிறது. மற்றபடி இரண்டே சொற்களில் முழு வாக்கியமும் அடங்கிவிடுவதால் முழங்குவதற்கு மிக ஏற்றது. கென்ய அரசுச் சின்னத்தில் உள்ள "ஹராம்பே" என்ற சொல்லையும் சிலர் பரிந்துரைக்கக்கூடும். அது நம் மீனவரின் ஐலசாவைப் போல, சேர்ந்து இழுக்க அழைக்கும் அருமையான சொல்தான்; ஆயினும் பள்ளி கட்டவும் மருத்துவச் செலவுக்கும் நிதி திரட்டும் கூட்டங்களுக்கு அதுவே பெயராகிவிட்டதால், ஓட்டப் பதாகைக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மறுமொழி 2
மேலே உள்ளவர் சொன்ன சுவாகிலி வரியை ஏற்கிறேன். ஆனால் மற்ற நான்கு மொழிகளிலும் தாங்கள் மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொன்றிலும் இக்கருத்துக்கு மக்கள் வாயில் புழங்கும் பழமொழி இருக்கிறது. கிகுயுவில் "கமொயிங்கே கொயாகா ந்தெரே", அதாவது சிறு கூட்டமும் உரலைத் தூக்கிவிடும். லுகாண்டாவில் "அகலி அவாமு கே கலுமா என்யாமா": சேர்ந்திருக்கும் பற்களே இறைச்சியைக் கடிக்கும். சோமாலியிலும் பற்கள்தான் வருகின்றன: "இல்கோ வடா ஜிர் பை வஹ் கு கோயான்", சேர்ந்திருந்தே பற்கள் எதையும் அறுக்கின்றன. பாண்டு குடும்பத்து லுகாண்டாவும் குஷைட் குடும்பத்துச் சோமாலியும் ஒரே உருவகத்தை எடுத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அம்ஹாரிக்கில் "டிர் பியாப்ர் அன்பெசா யாஸ்ர்": சிலந்தி இழைகள் ஒன்றுசேர்ந்தால் சிங்கத்தையும் கட்டும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. அம்ஹாரிக்கில் பழமொழிக்குப் பதிலாக "உறுதியாக இரு" என்று சுருக்கமாக இடலாமா என ஓர் அணித்தலைவர் கேட்கிறார்.

மறுமொழி 2
இடலாம், ஆனால் அம்மொழியில் ஏவல் வினை ஆணுக்கு "பெர்தா", பெண்ணுக்கு "பெர்ச்சி", பலருக்கு "பெர்து" என மாறும். இருபாலரும் ஓடும் போட்டியில் பன்மை வடிவத்தையே இட வேண்டும். பழமொழியில் இந்தச் சிக்கல் எழாது.

மறுமொழி 3
அச்சகத்திற்கு ஒரு குறிப்பு. அம்ஹாரிக்கை அதன் சொந்த கீஸ் எழுத்திலேயே அச்சிடுங்கள். அம்மாணவர்கள் பள்ளியில் படித்தது அந்த எழுத்துதான். சோமாலிக்கு 1972 முதல் இலத்தீன் எழுத்தே அதிகாரபூர்வ எழுத்து. அதில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவார்கள். பிழை என்று கருதி அச்சுக்கோப்பவர் ஒன்றை நீக்கிவிடாமல், படியை ஒரு சோமாலி மாணவரே சரிபார்த்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.