டி.என்.ஏ. இழையில் வெள்ளி படியவைத்த அனுபவம்

சாட்ஸ்வர்த் மாணவி:

ஜோகன்னஸ்பர்க்கில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, டி.என்.ஏ.வை அச்சாக வைத்து, மின்சாரம் பாயும் மெல்லிய வெள்ளிக் கம்பியை வளர்ப்பது. தங்கத்துக்காகப் பூமியை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழம்வரை தோண்டிய வட்டாரம் அது. அங்கே உட்கார்ந்து, 2 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு, தடிமனுள்ள இழைமேல் உலோகம் ஏற்றப் போகிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

வழி ஏற்கெனவே போடப்பட்டதுதான். 1998-இல் இஸ்ரேலின் ஹைஃபாவிலுள்ள டெக்னியான் பல்கலைக்கழகத்தில் எரெஸ் பிரவுனும் ஊரி சிவனும் சகாக்களோடு செய்து காட்டினார்கள். சுமார் 12 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இரண்டு தங்க மின்முனைகள். நடுவே பாலம்போல டி.என்.ஏ. இழை. இழை நெடுகிலும் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்டமுள்ள வெள்ளி அயனிகள் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஹைட்ரோகுவினோன் விட்டால், முன்பு புகைப்படச் சுருள் கழுவப் பயன்பட்ட அதே பொருள்தான், அயனிகள் உலோகமாகி மணிமணியாகத் திரள்கின்றன. அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 100 நானோமீட்டர் அகலக் கம்பி.

நான் எடுத்துக்கொண்டது நேரான இழை அல்ல, மடித்த டி.என்.ஏ. பால் ரோத்தமண்ட் 2006-இல் காட்டிய முறை அது: வைரஸின் நீண்ட ஒற்றை இழையை இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் இழுத்துக் கட்டி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருவது. அருகருகே வரும் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். அதைத் தணிக்கக் கரைசலில் மக்னீசியம் வேண்டும். நான் போட்டது மக்னீசியம் குளோரைடு. மடிப்பு அழகாக வந்தது. மறுநாள் அதே குழாயில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். கஞ்சித் தண்ணீர்போல வெளுத்துக் கலங்கியது. ஜன்னலோரம் வைத்தேன்; மாலைக்குள் சாம்பலும் ஊதாவுமாகக் கறுத்துவிட்டது.

பள்ளியில் உப்புச் சோதனை செய்தவர்களுக்குக் காரணம் உடனே தெரியும். வெள்ளி, இழையைத் தேடிப் போகவில்லை. குளோரைடைப் பிடித்துக்கொண்டு வெள்ளி குளோரைடாக அடியில் தங்கிவிட்டது. இரண்டு வார உழைப்பு போயிற்று. அன்று விடுதிக்குப் போய் அழுதேன். குளோரைடை விட்டு மக்னீசியம் அசிடேட்டுக்கு மாறியதும் கலங்கல் நின்றது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதல் வரிசை தெரிந்த நாளை மறக்க மாட்டேன். பாசிமணி கோத்ததுபோல் வெள்ளித் துளிகள், டி.என்.ஏ. போன வழியிலேயே! ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையே வெற்றிடம். மின்சாரம் பாயவில்லை. இப்படிப்பட்ட நுண்ணிய வேலையில் கைபட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

டர்பன் பட்டறைக்காரர்:

தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு நகைத் தொழில். கிரே தெருப் பக்கம் பட்டறை இருந்தது. நாங்கள் கம்பி எடுப்பது துளைகள் இட்ட இரும்புத் தகட்டில். பெரிய துளையில் தொடங்கிச் சிறியதுவரை இழுப்போம். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். நடுநடுவே காய்ச்சி ஆறவைக்காவிட்டால் அறுந்துவிடும். தடித்ததை மெலியவைத்தே எனக்கு ஐம்பது வருடம் ஓடிவிட்டது. மெல்லிய இழைமேல் உலோகத்தை வளர்ப்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன், அம்மா. மணிகள் சேரவில்லை என்றால் நாங்கள் பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டுவோம். உங்கள் இழை அந்தச் சூட்டைத் தாங்குமா?

சாட்ஸ்வர்த் மாணவி:

தாங்காது, ஐயா. வெந்நீர்ச் சூட்டுக்கே இரட்டை இழை பிரிந்துவிடும். ஊதுகுழல் நெருப்பில் மிச்சமே இருக்காது. 1998-இல் செய்த கம்பியிலும் இதே சிக்கல் வந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பாயவில்லை. மேலும் வெள்ளி ஏற்றியபோது அந்தக் குறை தணிந்தது. நானும் இரண்டாம் முறை ஏற்றினேன். மணிகள் சேர்ந்தன, ஆனால் கம்பி பருத்துவிட்டது. மெலிவுக்காகத்தானே டி.என்.ஏ.வை எடுத்தோம் என்று மனம் கேட்கவில்லை.

2014-இல் ஹார்வர்டில் பெங் யின் குழு வேறு வழி பிடித்தது. டி.என்.ஏ.வாலேயே பெட்டி செய்து, உள்ளே விதைபோல ஒரு குட்டித் தங்கத் துகளை வைத்து, சுவரைத் தொடும்வரை உலோகத்தை வளர்த்தார்கள். அச்சில் வார்ப்பதுபோலத்தான், ஆனால் உருக்காமல். அடுத்து நான் முயலப்போவது அது.

விடுமுறைக்கு டர்பன் வரும்போது உங்கள் தகட்டைப் பார்க்க வேண்டும், ஐயா. அதில் கடைசித் துளை எவ்வளவு சிறியது?